வெளிநாட்டுப் படிப்புக்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்?

உயர்கல்விக்காக வெளிநாடு செல்வது பற்றிய கேள்விகளை அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். கட்டணம், கல்விக்கடன், விசா என்று பலவும் வரும் என எதிர்பார்த்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தைச் சுற்றியே இருந்தன. ஆகவே இம்முறை கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பெரம்பூரிலிருந்து ஒரு மாணவர்: பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு. பிரிட்டனில் முதுநிலைப் படிப்பு படிக்க ஆசை. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதப் போகும் நண்பர்கள் எல்லோரும் மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்தவர்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டாலே நம்பிக்கை போய்விடுகிறது. என்னால் 6.5 எடுக்க முடியுமா?

முடியும். நீங்கள் எந்த வழியில் படித்தீர்கள் என்று அந்தத் தேர்வு கேட்பதில்லை. கேட்டல் 30 நிமிடம், வாசித்தல் 60 நிமிடம், எழுதுதல் 60 நிமிடம், தேர்வாளர் ஒருவரோடு பேசுதல் 11 முதல் 14 நிமிடம். இந்த நான்கின் சராசரியே உங்கள் பேண்டு, அதாவது ஒன்பதுக்கு நீங்கள் பெறும் மொத்த மதிப்பெண். பொறியியல் முதுநிலைப் படிப்புகளுக்குப் பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் ‘மொத்தத்தில் 6.5, எந்தப் பகுதியிலும் 6.0-க்குக் குறையக் கூடாது’ என்று கேட்கின்றன. சராசரி 6.25 வந்தால் அதை 6.5 ஆக உயர்த்துவது தேர்வின் விதி என்பதால், ஒரு பகுதியில் 7, மற்ற மூன்றிலும் 6 எடுத்தவருக்கும் 6.5 கிடைத்துவிடும். அந்த ஒரு 7 எங்கிருந்து வரும் என்று யோசியுங்கள். மூன்று ஆண்டுகளாக ஆங்கிலப் பாடநூல்களோடு மல்லுக்கட்டி, ஒவ்வொரு பக்கத்தையும் நிதானமாகப் படித்துத் தேறி வந்திருக்கிறீர்கள். வாசித்தல் பகுதியில் அந்தப் பழக்கம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

சரளமாகப் பேசும் நண்பர்களைக் கண்டு மிரள வேண்டாம். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தில் சொல்கிறேன்: அவர்களில் பலர் சறுக்குவது எழுதுதல் பகுதியில்தான். தமிழ்வழியோ ஆங்கிலவழியோ, நம் பள்ளிகளில் சொந்தக் கருத்தைச் சொந்த வாக்கியத்தில் எழுதும் பயிற்சி யாருக்கும் போதுமான அளவு கிடைப்பதில்லை. எழுதுதல் பகுதியில் இரண்டாவது கேள்விக்கு 250 சொற்களுக்குக் குறையாமல் கட்டுரை எழுத வேண்டும். முதல் கேள்வியைப் போல இரு மடங்கு மதிப்பு அதற்கு உண்டு. கோச்சிங் சென்டர்கள் தரும் ஆயத்த வாக்கியங்களை மனப்பாடம் செய்து அங்கே இறக்கி வைப்பவர்களைத் தேர்வாளர் எளிதில் கண்டுகொள்வார். மதிப்பெண் குறையுமே தவிர ஏறாது. வாரத்துக்கு இரண்டு கட்டுரை எழுதி உங்கள் கல்லூரி ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். கேட்டல் பயிற்சிக்கு, உங்கள் துறைப் பாடங்களையே, ஐஐடிகளின் இணையவழிப் பாடங்கள் உள்ள என்பிடெல் தளத்திலும், அமெரிக்காவின் எம்ஐடி இலவசமாக வெளியிட்டிருக்கும் விரிவுரைகளிலும் கேட்டுவந்தால் தேர்வுக்கும் ஆகும், பின்னால் வகுப்புக்கும் ஆகும். தேர்வு எழுதிய பிறகு ஒரே ஒரு பகுதியில் மட்டும் குறைந்தால், அதை மட்டும் மீண்டும் எழுதும் வசதி இப்போது உண்டு. ஆனால் அப்படிப் பெற்ற மதிப்பெண்ணை நீங்கள் விரும்பும் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி: வெளிநாட்டவர் உச்சரிப்பில் பேசினால் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்கிறார்களே?

கிடைக்காது. உச்சரிப்புக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் அங்கே முக்கியமாகப் பார்ப்பது, கேட்பவருக்குச் சிரமமின்றிப் புரிகிறதா என்பதை. சென்னைத் தமிழர் பேசும் ஆங்கிலம் சென்னைத் தமிழர் பேசும் ஆங்கிலமாகவே இருக்கலாம். செயற்கையாக நாக்கைச் சுழற்றுவதில் வேகம் கூடித் தெளிவு கெடுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

தியாகராய நகரிலிருந்து ஒரு தந்தை: என் மகள் ஆங்கிலவழிக் கல்லூரியில் பி.காம். முடித்திருக்கிறாள். ‘பயிற்றுமொழி ஆங்கிலம் என்று கல்லூரியில் சான்றிதழ் வாங்கினால் போதும், ஐஇஎல்டிஎஸ் தேவையே இல்லை’ என்று ஒரு கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். நம்பலாமா?

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பணத்தை இழக்க வைப்பதும் அந்தப் பாதி உண்மைதான். பிரிட்டனில் பட்டப்படிப்புக்கும் அதற்கு மேற்பட்ட படிப்புக்கும் விசா விதி கேட்பது, ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்ட ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் நான்காம் படியான பி2 நிலை ஆங்கிலம். நல்ல நடைமுறை வரலாறு உள்ள பல்கலைக்கழகங்கள் இதைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ள அந்நாட்டு அரசு அனுமதிக்கிறது. ஆகவே சில பல்கலைக்கழகங்கள் பயிற்றுமொழிச் சான்றிதழையோ பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையோ ஏற்கின்றன. வேறு சில ஏற்பதில்லை. ஒரே பல்கலைக்கழகத்திலேயே ஒரு துறை ஏற்று மற்றொரு துறை மறுப்பதும் உண்டு. அமெரிக்காவில் விசாவுக்கென்று அரசு தனியாக மொழித்தேர்வு மதிப்பெண் கேட்பதில்லை, பல்கலைக்கழகம்தான் முடிவு செய்கிறது. ஆனால் தூதரக அதிகாரி உங்கள் மகளிடம் ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் கேள்வி கேட்பார், சில நிமிடங்களில் முடிவெடுப்பார். ஆஸ்திரேலியா நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறது: 2024 மார்ச் 23 முதல் மாணவர் விசாவுக்கான குறைந்தபட்ச ஐஇஎல்டிஎஸ் அளவை 5.5 இலிருந்து 6.0 ஆக உயர்த்திவிட்டது.

எனவே ‘தேவையில்லை’ என்ற சொல்லை எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்தச் சேர்க்கைப் பருவம் என்ற மூன்றும் இல்லாமல் யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். உங்கள் மகளே அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கட்டும். பெரும்பாலான ஆலோசனை நிறுவனங்களுக்கு மாணவரைச் சேர்த்துவிட்டதற்கான தரகு பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது என்பதையும், அதனால் உங்கள் மகளுக்கு ஏற்ற கல்லூரியைவிட அவர்களோடு ஒப்பந்தம் உள்ள கல்லூரிதான் முதலில் மேசைக்கு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். என் கருத்தைக் கேட்டால், விலக்குக் கிடைத்தாலும் ஒரு தேர்வு எழுதிப் பார்ப்பதே நல்லது. கேட்டலில் 5.5 தான் வருகிறது என்பது சென்னையில் இருக்கும்போதே தெரிந்தால் சரிசெய்ய ஆறு மாதம் கிடைக்கும். அங்கே போய் முதல் வாரத்தில் தெரிந்தால் கட்டிய கட்டணம் கட்டியதுதான்.

வேளச்சேரியைச் சேர்ந்த, தற்போது பிரிட்டனில் படிக்கும் ஒரு மாணவி: எனக்கு ஐஇஎல்டிஎஸ்ஸில் 7 வந்தது. இருந்தும் முதல் கட்டுரையில் தேர்ச்சி மதிப்பெண்ணை ஒட்டித்தான் கிடைத்தது. ‘விவரிப்பு இருக்கிறது, வாதம் இல்லை’ என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். கருத்தரங்க வகுப்பில் வாயைத் திறக்கவே முடியவில்லை. என் ஆங்கிலம் போதவில்லையா?

உங்கள் ஆங்கிலம் போதும். வந்த கடிதங்களில் நான் அதிக நேரம் செலவிட்டது உங்களுடையதோடுதான். ஏனென்றால், பேண்டு பற்றியே பேசிக்கொண்டிருக்கும் மற்றவர்கள் அடுத்த ஆண்டு நிற்கப்போகும் இடத்தில் நீங்கள் இப்போது நிற்கிறீர்கள். தேர்வு கேட்பது பொதுவான ஒரு பொருளில் நாற்பது நிமிடக் கட்டுரை. பல்கலைக்கழகம் கேட்பது, ஒரே கேள்வியைப் பற்றி ஒருவருக்கொருவர் முரண்படும் பத்துப் பதினைந்து ஆய்வாளர்களைப் படித்துவிட்டு, அவர்களில் யாருடைய கருத்து எதனால் நிற்கிறது, யாருடையது எங்கே ஆட்டம் காண்கிறது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்வதை. நம் ஊர்த் தேர்வுகளில் ‘தெரிந்ததை எல்லாம் எழுது’ என்று பழக்கப்பட்ட கை, அங்கேயும் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவிட்டு, கடைசிப் பத்தியில் எதையும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறது. ஆசிரியரின் குறிப்புக்கு அதுதான் பொருள்.

அடுத்த கட்டுரையில் முதல் பத்தியிலேயே உங்கள் நிலைப்பாட்டை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு பத்தியையும் அந்த வாக்கியத்தோடு ஒட்டிப் பார்த்து, ஒட்டாததை எவ்வளவு அருமையாக இருந்தாலும் நீக்குங்கள். ஆய்வுக்கட்டுரைகளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துக்கொண்டிருந்தால் பருவம் முடிந்துவிடும். சுருக்கம், முன்னுரை, முடிவுரை மூன்றையும் படித்து, தேவைப்பட்டால் மட்டும் நடுப்பகுதிக்குள் செல்லுங்கள். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாடநூல் வரிகளை அப்படியே எழுதினால் இங்கே ‘நன்றாகப் படித்திருக்கிறாள்’ என்று பாராட்டுவார்கள். அங்கே அது எழுத்துத் திருட்டு, ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு, வாக்கியத்தில் இரண்டு சொற்களை மட்டும் மாற்றிப்போடுவதும் அதே கணக்கில்தான் வரும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவு பயன்படுத்தலாம் என்பது துறைக்குத் துறை மாறுவதால், உங்கள் பாடத்தின் கையேட்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்புங்கள். அறைத்தோழியின் பேச்சை நம்ப வேண்டாம்.

கருத்தரங்க வகுப்பைப் பொறுத்தவரை, நம் வகுப்பறைகளில் மௌனம் மரியாதை. அங்கே மௌனமாக இருப்பவர் படிக்காமல் வந்தவர் என்றே எடுத்துக்கொள்ளப்படுகிறார். வகுப்புக்கு முன்பே ஒரு கேள்வியும் ஒரு மறுப்பும் எழுதி எடுத்துச் சென்று, முதல் பத்து நிமிடத்துக்குள் அவற்றில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். நேரம் ஆக ஆகப் பேச்சு உங்கள் கையை விட்டுப் போய்விடும். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விசார் எழுத்துக்கென்று உதவிப் பிரிவு ஒன்று இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, அந்நாட்டு மாணவர்களும் அங்கே போகிறார்கள். ஆசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கியிருக்கும் நேரத்தில், குறிப்பெழுதிய அந்தக் கட்டுரையையே எடுத்துக்கொண்டு போய், எந்தப் பத்தியில் வாதம் இருந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். அவ்வாறு கேட்பதைத் தொந்தரவாக அங்கே யாரும் நினைப்பதில்லை.

மயிலாப்பூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: ஆங்கிலத்தில் தேறாத இராமானுஜனைக் கேம்பிரிட்ஜ் ஏற்றுக்கொண்டது. இன்று அறிவுள்ள பிள்ளைகளை ஆங்கிலம் என்ற ஒரே காரணத்தால் வாசலில் நிறுத்துவது நியாயமா?

இராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. எனும் அந்நாளைய இடைநிலைத் தேர்வில் வெற்றிபெறவில்லை. அதே மனிதர்தான் 1913 ஜனவரியில், சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்தபோது, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு நடந்தது பலருடைய தனிப்பட்ட முயற்சி. கேம்பிரிட்ஜின் மற்றொரு கணித அறிஞரான நெவில் சென்னைக்கு வந்தபோது இராமானுஜனிடம் பேசிப் பயணத்துக்கு இசைய வைத்தார், சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது, 1914 மார்ச் 17 அன்று கப்பல் புறப்பட்டது. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் குவியும் இன்றைய சேர்க்கை அலுவலகத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஹார்டி அமர முடியாது. ஆகவே தேர்வு வேண்டும் என்பதை ஏற்கிறேன். அதன் விலையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒருமுறை எழுத இந்தியாவில் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியிருக்கிறது. மதிப்பெண்ணும் இரண்டு ஆண்டுக்கு மட்டுமே செல்லும். தாங்கள் சொல்லும் அநியாயம் முதலில் அங்கேதான் தொடங்குகிறது.

ஆங்கிலம் மட்டுமே அறிவியலின் மொழியாக என்றும் இருந்ததில்லை என்பதையும் தங்கள் கேள்வியை ஒட்டிச் சொல்ல வேண்டும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை நம் இயற்பியலாளர்கள் மேகநாத் சாஹாவும் சத்யேந்திரநாத் போஸும் ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க, கல்கத்தா பல்கலைக்கழகம் 1920 இல் அதை நூலாக வெளியிட்டது. 1924 இல் டாக்காவிலிருந்து போஸ் தம் புகழ்பெற்ற கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். அவர் அதைத் தம் கையாலேயே ஜெர்மனில் மொழிபெயர்த்து, அந்நாளில் இயற்பியலாளர்கள் பெரிதும் மதித்த ‘ஸைட்ஷ்ரிஃப்ட் ஃபூர் ஃபிசிக்’ இதழில் வெளியிடச் செய்தார். இரு உலகப் போர்களுக்குப் பிறகு ஜெர்மனியின் பல்கலைக்கழகங்கள் சிதைந்து, அமெரிக்காவின் பணமும் ஆய்வுக்கூடங்களும் பெருகியதும் நிலைமை மாறியது. 1998 இல் அதே ஜெர்மன் இதழ், பிரெஞ்சு, இத்தாலிய இயற்பியல் இதழ்களோடு இணைந்து ஓர் ஐரோப்பிய இதழாகியபோது, அது வெளிவந்தது ஆங்கிலத்தில். அரசியலும் பணமும் கொண்டுவந்து வைத்த இடத்தில் ஆங்கிலம் நிற்கிறது. நம் அண்ணா பல்கலைக்கழகம் 2010 இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியதை நான் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். அங்கே படிக்கும் மாணவருக்கும் ஆங்கில ஆய்வுக்கட்டுரையைப் படிக்கச் சொல்லித்தர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

ஒரகடத்தில் பணிபுரியும் ஒரு பொறியாளர்: ஜெர்மனியில் ஆங்கிலவழி முதுநிலைப் படிப்புகள் ஏராளம் என்கிறார்கள். அப்படியானால் ஜெர்மன் கற்காமல் போகலாமா?

வகுப்பறைக்குள் போகலாம். முதுநிலையில் ஆங்கிலவழிப் படிப்புகள் உண்மையிலேயே நிறைய உள்ளன, இளநிலையில் குறைவு. ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தன் தளத்தில் அவற்றைப் பட்டியலிட்டிருக்கிறது. ஆனால் நீங்கள் இரண்டு ஆண்டும் வகுப்பறைக்குள்ளேயே வாழப்போவதில்லை. ஊரில் முகவரியைப் பதிவு செய்யும் அலுவலகத்தின் கடிதம் ஜெர்மனில் வரும். வாடகை ஒப்பந்தம் ஜெர்மனில் இருக்கும். பெருநிறுவனங்களில் ஆங்கிலம் செல்லுபடியாகும் என்று நம்பிப் போகும் நம் பொறியாளர்கள், உண்மையில் வேலைக்கு ஆளெடுக்கும் நடுத்தர நிறுவனங்களில் தொழிற்கூடத் தலைவர் ஜெர்மனில்தான் பேசுகிறார் என்று போன பிறகே அறிகிறார்கள். நீங்கள் ஏற்கெனவே தொழிற்சாலையில் இருப்பவர். கூட்டத்தில் ஒரு மொழியும் இயந்திரத்தின் பக்கத்தில் வேறொரு மொழியும் பேசப்படுவதை நான் விளக்கத் தேவையில்லை. நுங்கம்பாக்கத்தில் உள்ள மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் மொழியின் முதல் படியான ஏ1 தொடங்கி, புறப்படும் முன் பி1 வரை முடித்துவிடுவது என் அறிவுரை. வேலையோடு படிப்பவருக்கு அதற்கு ஓராண்டுக்குக் குறையாமல் ஆகும்.

ஐரோப்பாவில் காற்று சற்றுத் திசை மாறுவதையும் கவனியுங்கள். மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதுநிலைப் படிப்புகள் அனைத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்ற 2012 இல் முடிவெடுத்தபோது, அங்கே பணியாற்றிய பேராசிரியர்களே நீதிமன்றம் சென்றனர். இத்தாலிய மொழியை முற்றாக ஒதுக்கக் கூடாது என்று 2017 இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டென்மார்க் 2021 இல் ஆங்கிலவழி இடங்களைக் குறைக்க முடிவு செய்தது. நெதர்லாந்தில் இளநிலைப் படிப்புகளை டச்சு மொழிக்குத் திருப்ப வேண்டும் என்ற விவாதம் சில ஆண்டுகளாக நடக்கிறது. இன்று ஆங்கிலத்தில் இருக்கும் படிப்பு நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூரிலிருந்து ஒரு தாய்: மகனை மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்கோ ஜார்ஜியாவுக்கோ அனுப்ப நினைக்கிறோம். ஆங்கிலவழி என்று சொல்கிறார்கள். வேறு என்ன பார்க்க வேண்டும்?

அம்மா, அந்த ‘ஆங்கிலவழி’ என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் நீடிக்க வேண்டும், ஆங்கிலவழியில் நடக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப்பும் முடிக்க வேண்டும். சில கல்லூரிகளில் முதல் சில ஆண்டுகளை ஆங்கிலத்தில் நடத்திவிட்டுப் பிறகு உள்ளூர் மொழிக்கு மாறுகிறார்கள். அப்படி நடந்தால் மகன் இந்தியாவில் பதிவுபெறுவதே சிக்கலாகிவிடும். எல்லா ஆண்டுகளின் பயிற்றுமொழியும் ஆங்கிலமே என்று கல்லூரியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். இறுதியாண்டில் இப்போது படிக்கும் தமிழ் மாணவர் ஒருவரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். நோயாளிகள் ஆங்கிலம் பேச மாட்டார்கள் என்பதால் மகன் ரஷ்ய மொழியோ ஜார்ஜிய மொழியோ கற்றே ஆக வேண்டும். கற்காதவர் வார்டில் சும்மா நின்றுவிட்டுத் திரும்புவார். அந்தப் பயிற்சி இல்லாமல் இங்கே வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வில் 300 கேள்விகளுக்கு 150 எடுப்பது எளிதன்று.

ஆவடியிலிருந்து ஒரு மாணவி: எந்தத் தேர்வை, எப்போது எழுதுவது?

எந்தத் தேர்வு என்பதைப் பல்கலைக்கழகத்தின் பட்டியலும் அந்நாட்டு விசா விதியும் முடிவு செய்யட்டும். ஐஇஎல்டிஎஸ்ஸை ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஏற்கிறார்கள். பி.டி.இ. முழுவதும் கணினியில் நடப்பது, 10 முதல் 90 வரை மதிப்பெண். மனிதர் முன் பேசத் தயங்குபவர்கள் சிலர் அதை விரும்புகிறார்கள். டோஃபல் 2026 ஜனவரியிலிருந்து 1 முதல் 6 வரையிலான புதிய அளவுகோலுக்கு மாறியிருப்பதால், பழைய 120 கணக்கில் பேசும் வழிகாட்டி நூல்களை வாங்க வேண்டாம். டுவோலிங்கோ மலிவானது, அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. ஆஸ்திரேலிய விசாவுக்கு அது உதவாது. செப்டம்பர், அக்டோபரில் வகுப்புத் தொடங்கும் படிப்புக்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் முதல் நவம்பருக்குள் தேர்வை முடித்துவிட்டால், மதிப்பெண் குறைந்தால் இன்னொரு முறை எழுத நேரமிருக்கும். ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15 வரை விண்ணப்பிக்கலாம் என்று பொதுவாகச் சொன்னாலும் பல படிப்புகள் அதற்கு வெகு முன்பே கதவை மூடிவிடுகின்றன. மேலும் 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட, அவர்களின் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கும் காத்திருக்க வேண்டியிருப்பதால், அந்த விண்ணப்பத்தை மொழித்தேர்வுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.